மலை ஏறும் டூ ஸ்ட்ரோக்கும் ரீட் வால்வு டென்ஷனும்

ரீட் வால்வு என்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கார்ப்ரேட்டருக்கு அடுத்து இருக்கும் ஒருவழிக் கதவு, மெல்லிய தகட்டு இதழ்களால் ஆனது. அதன் டென்ஷனைக் கூட்டவோ குறைக்கவோ எஞ்சினில் ஸ்க்ரூ எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் டர்ட் பைக் வைத்திருக்கும் நம் பையன்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, அந்த ஸ்க்ரூ எங்க இருக்கு?" என்பதுதான். கார்ப்ரேட்டரில் ஏர் ஸ்க்ரூ இருக்கிறது, ஐடில் ஸ்க்ரூ இருக்கிறது. ரீடுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதழ் எவ்வளவு கனம் (தடிமன்), எவ்வளவு நீளம், எதனால் செய்தது, அதன் முதுகில் இருந்து அளவுக்கு மீறித் திறக்காமல் தடுக்கும் ஸ்டாப்பர் எவ்வளவு வளைந்திருக்கிறது, இத்தனையும் சேர்ந்து வரும் விறைப்பைத்தான் டென்ஷன் என்கிறோம். அதை மாற்ற வேண்டுமென்றால் இதழ்கள் மாட்டியிருக்கும் சட்டமான ரீட் பிளாக்கை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். இப்போது டர்பனை ஒட்டிய பைன்டவுனில் ஃபிட்டர் வேலை, வீடு சாட்ஸ்வொர்த்தில். ஊரில் இருந்தவரை கையில் வந்ததெல்லாம் ஆர்எக்ஸ் 100தான். அதிலும் இதே ரீட் வால்வு உண்டு. ஆனால் அங்கே ரீட் போய்விட்டால் புது செட் வாங்கிப் போடுவோம், வண்டி பழையபடி பறக்கும், விறைப்பைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. தார் ரோட்டு வண்டிக்கு அது போதும். இங்கே வந்து, டிராக்கன்ஸ்பெர்க் மலைகளில் ஏறும் எண்டியூரோ (காடு மலையில் நெடுந்தூரம் ஓட்டும்) வண்டிகளைத் தொட ஆரம்பித்த பிறகுதான், காகிதம் போல மெல்லிய அந்தத் தகட்டின் கையில் வண்டியின் குணமே இருக்கிறது என்று புரிந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராக பிஸ்டன் தலைக்கு மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸுக்குள் போகும். பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க்கேஸில் அழுத்தம் குறைகிறது, அந்த இழுப்பில் ரீட் இதழ்கள் திறந்து கலவையை உள்ளே விடுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது, இதழ்கள் மூடிக்கொள்கின்றன. வந்த கலவை திரும்பிப் போக வழியில்லாமல் சிலிண்டர் சுவரில் உள்ள டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே ஏறுகிறது. பிஸ்டனே வழியைத் திறந்து மூடும் பழைய பிஸ்டன் போர்ட் எஞ்சின்களில் இந்தத் தடுப்பு இல்லை. மெதுவாக ஓடும்போது உள்ளே போனதில் ஒரு பங்கை கார்ப்ரேட்டர் வழியாகவே துப்பிவிடும். யமஹா 1972இல் டார்க் இண்டக்‌ஷன் என்று பெயர் வைத்து ரீட் வால்வைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தபோது, எஞ்சின் மெதுவாகச் சுற்றும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடியதற்குக் காரணம் இந்தத் தடுப்புதான்.

இதழ் படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும். 8000 ஆர்பிஎம் என்றால் 133 தடவை. மெல்லிய, இளகிய இதழ் சின்ன இழுப்புக்கே திறந்துவிடும். அதனால் கீழ் ஆர்பிஎம்மில் பிக்அப் நன்றாக இருக்கும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவுடன் வண்டி எழும். ஆனால் வேகம் ஏற ஏற, மூட வேண்டிய நேரத்துக்கு அதனால் மூடிக்கொள்ள முடியாமல் போகும். மூடும்போது உட்காரும் சீட்டில் வந்து மோதி, எம்பி, மறுபடி மோதிப் படபடக்கும். அந்தப் படபடப்பில் கலவை திரும்ப ஓடுகிறது, இதழின் நுனியும் சிதைகிறது. விறைப்பான இதழ் இதற்கு நேர் எதிர். மேல் ஆர்பிஎம்மில் ஒழுங்காக மூடும், கீழே சோம்பல். கிக் அடித்து ஸ்டார்ட் செய்வதுகூடக் கொஞ்சம் கஷ்டமாகிவிடும். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை வாயில் வைத்துப் பதம் பார்த்து, சரியில்லை என்றால் வேறொன்றை எடுத்து மாட்டுவார்களே, ரீட் வேலையும் அப்படித்தான். நல்ல விறைப்பு, கெட்ட விறைப்பு என்று இல்லை. எங்கே, எந்த வேகத்தில் ஓட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதே எங்கள் தெருப் பையன் ஒருவனின் வண்டியால்தான். கார்ப்ரேட்டர் வைத்த 300 சிசி எண்டியூரோ, பழைய மாடல். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்ததால் வண்டியை எடுக்காமல் ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தான், ஆயில் கலந்த பெட்ரோலோடு. காவடி முடிந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே அடம். ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்கவில்லை, ஆக்ஸிலரேட்டரைத் திறந்தால் ஒரு நொடி அடைத்துக்கொண்டு அப்புறம்தான் எழுந்தது. பிளக் மாற்றினான், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை மாற்றினான், கார்ப்ரேட்டரைப் பிரித்துக் கழுவினான். ஒன்றும் ஆகவில்லை.

அவனுடைய தாத்தா டோங்காட் பக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். என்னிடம் தமிழில்தான் பேசுவார். நான் போனபோது ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கார்ப்ரேட்டரை விடுப்பா. ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பாரு, பெட்ரோல்ல நனஞ்சு கெடக்கு. உள்ள போனது வெளிய வருது."

தொட்டுப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் நனைந்து, ஏர் பாக்ஸ் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு பெட்ரோல் தேங்கியிருந்தது.

"எப்படித் தாத்தா தெரிஞ்சுது?"

"ஆலையில கம்ப்ரசர் வால்வு எத்தன பாத்திருப்பேன். தகடு ஒழுங்கா உக்காரலைன்னா காத்து பின்னாடி அடிக்கும். இதுவும் அதே தகடுதானே."

அவர் சொன்னது அப்படியே உண்மை. பிஸ்டன் வைத்த ஏர் கம்ப்ரசர்களிலும் இதே தத்துவத்தில்தான் தகட்டு வால்வுகள் வேலை செய்கின்றன. கம்ப்ரசர் படித்தவருக்கு டூ ஸ்ட்ரோக்கின் வயிறு புதிதில்லை.

இந்த அறிகுறிகளைக் கார்ப்ரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டுகளுக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் நிறைய. ஏர் பாக்ஸில் பெட்ரோல் ஈரம், ஐடில் ஏறி இறங்குவது, ஜெட் மாற்றியும் போகாத கீழ் ஆர்பிஎம் அடைப்பு, இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் முதலில் ரீடைப் பாருங்கள். செலவில்லாத வேலை அது.

கழற்றுவதற்கு முன்னால் கார்ப்ரேட்டரைச் சுற்றி நன்றாகக் கழுவிக் காற்றடித்துவிட வேண்டும். டர்பன் கடற்கரை மணலும் கரும்புத் தோட்டத்துப் புழுதியும் அந்த இடுக்கில்தான் போய் உட்காரும். ரீட் பிளாக்கை எடுத்ததும் நேரே தெரிவது கிராங்க்கேஸ் வாய். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் பேரிங்குக்குக் கேடு. சுத்தமான துணி ஒன்றைப் பந்தாக உருட்டி அந்த வாயை அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிளாக்கை எடுத்து ஷெட் கதவுப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தேன். கூரை மாதிரி சாய்ந்த இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு இதழ்கள், கார்பன் ஃபைபர். மேலே கறுப்பு ஆயில் படலம், நகத்தால் சுரண்டினால் கோந்து மாதிரி ஒட்டியது. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் தங்கினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பிசின் ஒரு இதழைச் சீட்டோடு ஒட்ட வைத்திருந்தது. எதிர்ப்பக்க இதழ் ஒன்றில் நுனி ஓரம் மழுங்கி, இழைகள் மயிரிழை மயிரிழையாகப் பிரிந்து நின்றன. அந்த மூலையில் ஒரு அரிசி அளவு துண்டே இல்லை. பிளாக்கின் உள்பக்கமிருந்து பார்த்தபோது அந்த இதழின் கீழே வெளிச்சக் கோடு ஒன்று நுனி நெடுகப் போனது.

வெளிச்சம் தெரிந்தாலே ரீட் போச்சு என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. மயிரிழை வெளிச்சம் புது செட்டிலும் சில சமயம் தெரியும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.2 மி.மீ. வரை பல கையேடுகள் ஒத்துக்கொள்ளும், உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. இந்த வண்டியில் 0.4 கேஜ் தாராளமாக நுழைந்தது. இதழை மட்டும் பார்த்தால் போதாது, அது வந்து உட்காரும் சீட்டையும் பார்க்க வேண்டும். பல பிளாக்குகளில் அலுமினியத்தின் மேல் மெல்லிய ரப்பர் பூச்சு இருக்கும். அது உரிந்திருந்தால் எவ்வளவு நல்ல இதழ் போட்டாலும் மூடாது.

பையன் கேட்டான், "அண்ணா, திருப்பிப் போட்டா சரியாகிடுமா?" வளைந்த இதழைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் வளைவு சீட்டைப் பார்த்து அழுத்தும், வெளிச்சம் மறைந்துவிடும். காட்டில் மாட்டிக்கொண்டால், வீடு வந்து சேர இதைச் செய்யலாம். மற்றபடி நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கமாகவே வளைந்து வளைந்து களைத்த இதழ் அது. திருப்பியதும் டென்ஷன் அளவுக்கு மீறி ஏறும், சில நாளில் எதிர்ப்பக்கம் வளைந்து பழையபடி தொங்கும், இடையில் ஓரங்கள் வெடிக்க ஆரம்பிக்கும். கார்பன், கண்ணாடி இழை இதழ்கள் துண்டு உடைந்து உள்ளே போனாலும் பெரும்பாலும் எஞ்சின் அதைப் பெரிய சேதம் இல்லாமல் துப்பிவிடும். பழைய காலத்து ஸ்டீல் இதழ் உடைந்தால் பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் கீறப்படும். உங்களிடம் பழைய வண்டி இருந்து, அதில் ஸ்டீல் இதழ் இருந்தால், அது நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

சரி, புது இதழ் போட வேண்டும். எந்த விறைப்பு?

கடையில் பெரும்பாலும் கனத்தைச் சொல்லி விற்பார்கள்: 0.35, 0.40, 0.45 மி.மீ. என்று. 0.05 மி.மீ.தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் ஒரே பொருளில் செய்த தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு (கனம் × கனம் × கனம்) ஏற்ப மாறும். 0.40ஐ 0.45 ஆக்கினால் கனம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, விறைப்போ 42 சதவீதம் கூடுகிறது. 0.40ஐ 0.35 ஆகக் குறைத்தால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நீளத்துக்கும் அதே மூன்றாம் அடுக்குதான், எதிர்த் திசையில். 35 மி.மீ. இதழை 2 மி.மீ. உள்ளே தள்ளிப் பிடித்தாலே விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு ஏறும். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், ரீட் விஷயத்தில் எதையும் குத்துமதிப்பாகச் செய்யக் கை வராது.

இங்கேதான் மலை வருகிறது. பையனும் அவன் கூட்டாளிகளும் ஓட்டுவது கடற்கரையில் இல்லை. டிரெய்லரில் வண்டிகளை ஏற்றி என்3 நெடுஞ்சாலையில் ஹாவிக் வரை போய், அங்கே திரும்பி அண்டர்பெர்க் போய், சானி கணவாய் வழியாக லெசோத்தோ நாட்டுக்கு ஏறுகிறவர்கள். சானி உச்சி 2,876 மீட்டர். டர்பன் கடல் மட்டம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், சானி உச்சியில் சுமார் 71. மேலே காற்று மெல்லியது, அதனால் முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைக் குறைக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.  ஆனால் ரீடை யாரும் நினைப்பதில்லை.

நினைத்துப் பாருங்கள். இதழைத் திறப்பது எது? வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கிராங்க்கேஸ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். வெளிக்காற்றே 30 சதவீதம் குறைந்தால் அந்த வித்தியாசமும் அதே அளவில் குறைகிறது. இதழின் விறைப்பு மட்டும் குறையாமல் அப்படியே இருக்கிறது. ஆகவே டர்பனில் சரியாக இருந்த 0.40 இதழ், சானி உச்சியில் முரட்டு இதழாகிவிடுகிறது. மேலே போனால் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்வோமே, அதில் காற்றின் பங்கு பெரிது, அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் ஒரு பங்கு இந்த இதழுடையது. அதை நம்மால் மாற்ற முடியும். 0.40இலிருந்து 0.35க்கு வந்தால் விறைப்பு 33 சதவீதம் குறைகிறது என்று சொன்னேன் இல்லையா? மலையில் அழுத்தம் குறைவதும் கிட்டத்தட்ட அதே அளவு. முதல் தடவை இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். தாத்தாவிடம் ஓடிப் போய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்து, "கணக்கு சரியா வருதே" என்றார்.

இதற்கு விலையும் உண்டு. மெல்லிய இதழ் படபடக்க ஆரம்பிக்கும் வேகம் எட்டில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது. மலையில் அது பெரிய நஷ்டம் இல்லை. கல்லும் பாறையுமான ஏற்றத்தில் வண்டி ஓடுவது பெரும்பாலும் 2500க்கும் 5000க்கும் நடுவில்தான். கடற்கரை மணல் டிராக்கில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டினால் அதே இதழ் மேலே சத்தம் தட்டையாகி இழுவையை விட்டுவிடும், நுனியும் சீக்கிரம் சிதையும்.

அதனால் இரண்டு செட் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். 0.40 கண்ணாடி இழை செட் கடையில் வாங்கியது. 0.35 செட்டை நானே வெட்டினேன், ஜி10 எனப்படும் எபாக்ஸி கண்ணாடி இழைத் தகட்டில். பழைய நல்ல இதழை மேலே வைத்து நுனிக் கத்தியால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே கீறிக் கீறி வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் கூடாது, ஓரத்தில் அடுக்கு பிரிந்துவிடும். தகட்டின் நெசவு இழைகள் இதழின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். சாய்வாக வெட்டினால் இதழ் முறுக்கிக்கொண்டு திறக்கும். வெட்டிய பிறகு 600 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் ஓரங்களைத் தேய்த்து, மூலைகளை வட்டமாக்கினேன். வெடிப்பு எப்போதும் கூர்மையான மூலையில்தான் தொடங்கும். தூசி மூக்கில் போகாமல் முகமூடி அவசியம், கண்ணாடி இழை நுரையீரலுக்கு ஆகாது.

டென்ஷனை அளப்பதற்கு ஒர்க்‌ஷாப்பில் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சமையலறை டிஜிட்டல் தராசை டிரில்லிங் மெஷின் மேசையில் வைப்பேன். அதன் மேல் ரீட் பிளாக், எதிர்ப்பக்க இதழ்களைக் கழற்றிவிட்டு, ஒரு மரச் சட்டத்தில் சாய்த்து, அளக்க வேண்டிய இதழ் கிடைமட்டமாக வரும்படி. டிரில் சக்கில் பிட்டுக்குப் பதிலாக முனை உருண்ட ஒரு பித்தளைக் கம்பி. கம்பியை எதிர்ப்பக்கத் திறப்பு வழியாக இறக்கி, பிளாக்கின் உள்ளே இருந்து இதழின் நுனியைத் தொட்டதும் தராசை பூஜ்யம் ஆக்கிவிட்டு, சரியாக 2 மி.மீ. கீழே தள்ளுவேன். தராசு காட்டும் கிராம்தான் அந்த இதழின் டென்ஷன். மெஷினில் ஆழம் காட்டும் அளவுகோல் இருப்பதால் 2 மி.மீ. தப்பாது. நான்கு இதழையும் ஒரே இடத்தில் தொட்டு அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இதில் கிராம் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இதழை ஒதுக்கிவிடுவேன். ஒன்று இளகி, ஒன்று விறைத்திருந்தால் கீழ் ஆர்பிஎம்மில் எஞ்சின் சீராக நிற்காது, எந்த ஜெட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. பையனின் பழைய செட்டை ஆர்வத்துக்காக அளந்து பார்த்தோம். நுனி போன இதழ், ஆரோக்கியமான இதழின் டென்ஷனில் பாதிகூட வரவில்லை.

மாட்டும்போது அவசரம் கூடாது. இதழைச் சீட்டின் நடுவில் வைத்து, இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு மேலேறியிருக்கிறதா என்று பார்த்து, ஸ்டாப்பரை வைத்து, சின்ன ஸ்க்ரூக்களில், கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. முறுக்கு 1 நியூட்டன் மீட்டர்தான், விரலால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துத் திருப்பும் அளவு. அதைவிட முறுக்கினால் இதழ் அடியில் நசுங்கி, நுனி சீட்டை விட்டு எழும்பிவிடும். கஷ்டப்பட்டு அளந்த டென்ஷன் எல்லாம் அங்கேயே பாழ். லாக்டைட் இல்லாமலும் விடக் கூடாது, அந்த ஸ்க்ரூ கழன்றால் நேரே கிராங்க்கேஸுக்குள் விழும். பிளாக் கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும். அங்கே காற்று ஒழுகினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகிவிடும்.

ரீட் ஒழுங்காக மூட ஆரம்பித்ததும் ஜெட்டிங் மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள். பையன் கோளாறை மறைக்கப் போட்ட பைலட் ஜெட்டை எடுத்துவிட்டு கம்பெனி அளவையே போட்டோம். எஞ்சின் சூடானபின் ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஐடில் உச்சத்துக்கு ஏறும், அதுதான் இடம். முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒரு சுற்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் இடையில் அந்த இடம் வந்தால் பைலட் சரி. ஒன்றுக்குள் வந்தால் பெரிய பைலட் வேண்டும், இரண்டரையைத் தாண்டினால் சின்னது. இந்த வண்டிக்கு ஒன்றரையில் வந்து நின்றது. முதல் கிக்கிலேயே ஸ்டார்ட். தாத்தா நாற்காலியிலிருந்து கையைத் தட்டினார்.

மலைக்கு 0.35 செட், மெயின் ஜெட் இரண்டு படி கீழே, நடு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் குறைய நீடில் கிளிப் ஒரு காடி மேலே. பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அதில் மாற்றமில்லை. நானும் கூடப் போயிருந்தேன், என் வண்டியில். சானி ஏற்றத்தின் கடைசி வளைவுகள் மோசமானவை. கல் உருளும், வளைவு உடனே திரும்பும், வேகம் எடுக்க இடமே இருக்காது. முன்பெல்லாம் அங்கே கிளட்சைப் பாதி பிடித்து, ரேஸ் கொடுத்து, வண்டியைக் கதறவிட்டுத்தான் ஏற்றுவான். பின் டயர் கல்லை வாரி இறைக்கும். இந்தத் தடவை இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் திறந்தே வளைவிலிருந்து வெளியே வந்தான். டயர் பிடித்தது. உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் சொன்னது, "அண்ணா, கீழ இருந்தே இழுக்குது." எனக்கு வேண்டியிருந்தது அந்த வார்த்தைதான்.

லெசோத்தோவில் 1967இலிருந்து நடக்கும் ரூஃப் ஆஃப் ஆப்பிரிக்கா பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ஜெயிப்பவர்களின் வண்டி கத்துவதே இல்லை, பாறை மேல் மெதுவாக டக டக என்று ஏறிப் போகும். நம் டர்பனின் ஆல்ஃபி காக்ஸ் அங்கே பல தடவை ஜெயித்தவர். அந்த மாதிரி ஏற்றத்துக்கு மேல் ஆர்பிஎம் குதிரை சக்தி எதற்கும் உதவாது.

வேறு வகை ரீட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாய்சென் இரட்டை அடுக்கு இதழில் அடியில் தடித்த இதழ், அதில் ஜன்னல், அதன் மேல் மெல்லிய இதழ். சின்ன இழுப்புக்கு மெல்லியது திறக்கும், பெரிய இழுப்புக்கு இரண்டும் திறக்கும். விறைப்பைத் தேடி அலைய நேரமில்லாதவர்களுக்கு நல்ல நடுவழி. வி-ஃபோர்ஸ் வகைப் பிளாக்கில் ஒரு கூரைக்குப் பதிலாக இரண்டு சிறு கூரைகள், இதழ்கள் குட்டையானவை, திறக்கும் தூரமும் குறைவு. அவற்றில் கனத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றாமல் அந்தக் கம்பெனி விற்கும் இதழையே போடுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த புது டூ ஸ்ட்ரோக்குகளிலும் ரீட் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இப்போது இரண்டு பிளாக் தயாராக இருக்கின்றன. கடற்கரைக்கான 0.40 பிளாக்கில் நீலப் பெயிண்ட் புள்ளி, மலைக்கான 0.35இல் சிவப்பு. ஒவ்வொன்றோடும் அதற்கான மெயின் ஜெட் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கிறது, ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்துவிடக் கூடாதே என்று. தாத்தாவுக்கு அடுத்த யோசனை வந்திருக்கிறது. கம்ப்ரசர் வால்வுகளில் தகடு ஓடும் தூரத்தைக் குறைத்துப் படபடப்பை அடக்குவார்களாம். மெல்லிய இதழையே வைத்து, ஸ்டாப்பரை 1 மி.மீ. தாழ்த்தினால் கடற்கரையிலும் மலையிலும் ஒரே செட் ஓடுமா என்று கேட்கிறார். தூரம் குறைந்தால் மேல் ஆர்பிஎம்மில் உள்ளே வரும் காற்றும் கொஞ்சம் குறையும், அது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பழைய ஸ்டாப்பர் ஜோடி ஒன்றை வைஸில் பிடித்து வளைத்து, வெர்னியரில் இரண்டு பக்கமும் சமமா என்று சரிபார்த்து வைத்திருக்கிறேன். இந்த சனிக்கிழமை மணல் டிராக்கில் பையன் ஓட்டிப் பார்க்கிறான்.